ரூட் கிடைக்காது, கம்பைல் ஆகும்

கேள்வி:

வணக்கம் சார். தாவரவியலில் பிஹெச்டி இரண்டாம் வருடம் படிக்கிறேன். எங்கள் துறையில் ஒரு சர்வர் இருக்கிறது, சென்ட்ஓஎஸ் 7, ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வர்ட் யாருக்கும் தருவதில்லை. என் கைடின் பழைய மாணவர் எழுதிய ஒரு சி++ புரோகிராமைக் கொஞ்சம் மாற்றி அதில் ஓட்ட வேண்டும். அதற்கு ஹெச்டிஎஸ்லிப் (டிஎன்ஏ வரிசை ஃபைல்களைப் படிக்கும் லைப்ரரி) வேண்டும், கூடவே அதை வைத்து ஓடும் சாம்டூல்ஸும். மேக் கொடுத்தால் பிஇசட்லிப்.ஹெச் இல்லை என்கிறது. சூடோ யம் (ரூட் அதிகாரத்தோடு பேக்கேஜ் இன்ஸ்டால் செய்யும் கமாண்ட்) போட்டேன், உனக்கு அனுமதி இல்லை, இந்தச் சம்பவம் ரிப்போர்ட் செய்யப்படும் என்று வந்தது, பயந்துபோய் டெர்மினலை மூடிவிட்டேன். என் லேப்டாப்பிலிருந்து (உபுண்டு 22.04) அந்த ஒரு ஃபைலை மட்டும் காப்பி செய்து போட்டேன், உடனே -எல்பிஇசட்2 கிடைக்கவில்லை என்கிறது, ஆனால் அந்த லைப்ரரி சர்வரில் இருக்கிறது, நானே பார்த்தேன். சரி என்று லேப்டாப்பிலேயே கம்பைல் செய்து தூக்கிக்கொண்டு வந்தால், முதலில் ஏதோ எஸ்ஓ ஃபைல் இல்லை என்றது, அதையும் காப்பி செய்த பிறகு ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.34 இல்லை என்கிறது. அந்த பிஇசட்2 லைப்ரரி இருக்கும் பிஜிப்2-வை நானே கம்பைல் செய்தேன், எஃப்பிஐசி போட்டுத் திரும்பச் செய் என்கிறது. கைடின் புரோகிராமுக்கு -எஸ்டிடி=சி++17 என்பதே புரியவில்லையாம். மூன்று வாரம் போய்விட்டது, அட்மினுக்குப் போட்ட இரண்டு மெயிலுக்கும் பதில் இல்லை. ஸ்கிரீனை ஃபோட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். ரூட் இல்லாமல் இது நடக்குமா, நடக்காதா?

பதில்:

நடக்கும். உங்கள் கடிதத்தில் சூடோ மிரட்டலை விட்டுவிட்டால் மொத்தம் ஆறு எரர் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். ரூட் கையில் இருந்திருந்தால் அதில் மூன்று வந்திருக்காது. மற்ற மூன்றும், அதாவது ஜிலிப்சி, எஃப்பிஐசி, சி++17, பாஸ்வர்டை எழுதி உங்கள் மேஜையில் ஒட்டி வைத்திருந்தாலும் அப்படியே வந்திருக்கும். அதனால் எனக்கு அனுமதி இல்லை, அதனால்தான் நடக்கவில்லை என்ற எண்ணத்தை முதலில் ஓரமாக வையுங்கள், அது உங்களைத் தப்பான இடத்தில் தேட வைக்கிறது.

அந்த சூடோ மிரட்டலையும் மறந்துவிடுங்கள். ரிப்போர்ட் என்றால் வி.சி. அறைக்கு ஃபைல் போவது இல்லை. சர்வரின் லாக்கில் ஒரு வரி விழும், ரூட் என்கிற கணக்கின் மெயில் பெட்டிக்கு ஒரு மெயில் போகும், அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் அட்மினை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் இரண்டு மெயிலுக்கே பதில் போடாதவர் அதைத் தேடிப் படிக்கப்போகிறாரா என்ன.

அடுத்து அந்த ஃபோட்டோ. நடுவில் ஃபிளாஷ் அடித்திருக்கிறது, மிச்சம் தெரிவது கடைசி இரண்டு வரி: எல்டி 1 என்று திருப்பிக் கொடுத்தது என்று கலெக்ட்2 சொல்லும் ஒன்று, எரர் 1 என்று மேக் சொல்லும் இன்னொன்று. இந்த இரண்டிலும் ஒரு விஷயமும் கிடையாது. எங்கேயோ ஏதோ தப்பாகிவிட்டது, அதனால் நானும் நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒருவருக்குப் பின்னால் ஒருவர் சொல்லிக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான். உண்மையான எரர் மேலே இருக்கும், பெரும்பாலும் முதலாவது எரர்தான் காரணம், மிச்சமெல்லாம் அதன் எதிரொலி. மேக் கொடுக்கும்போது வருவது எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் விழவைத்து (இரண்டு ஸ்ட்ரீமையும் சேர்த்து டீ கமாண்டுக்குள் பைப் செய்தால் போதும்), பிறகு அந்த ஃபைலை மேலிருந்து தேடுங்கள். எரர் என்ற சொல்லைத் தேடினால் மட்டும் போதாது, லிங்கர் கிடைக்கவில்லை என்று சொல்லும் வரியில் அந்தச் சொல்லே இருக்காது, அதற்கு அடுத்த வரியில்தான் வரும், ஆகவே கிடைத்த இடத்திலிருந்து நாலு வரி மேலேயும் பாருங்கள். இன்னொன்று, -ஜே8 போட்டு ஓட்டினால் எட்டு வேலையின் பேச்சும் ஒன்றோடொன்று கலந்து வரும், எரரைப் படிக்கும்போது -ஜே1 போதும், நேரம் போனால் போகட்டும். கான்ஃபிகர் ஓட்டும்போது நின்றுவிட்டால் திரையை விட்டுவிட்டு கான்ஃபிக்.லாக் ஃபைலைத் திறங்கள், கம்பைலர் என்ன சொல்லி மறுத்தது என்பது வார்த்தை மாறாமல் அதில்தான் இருக்கும்.

(கமாண்டுகளை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எரரில் பாதிக்கும் மேல் காணோம், கிடைக்கவில்லை என்கிற ரகம். எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது, ஆனால் கேட்கும் ஆள் வேறு வேறு. கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் நாதஸ்வரக்காரர் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. அப்படி ஒருவர் உண்மையில் இருக்கிறாரா, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டாரா என்று பார்ப்பது வேறு வேலை. முகூர்த்தத்தன்று காலையில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாரா என்பது மூன்றாவது. ஹெட்டர் ஃபைல்தான் பத்திரிகை, அதைத் தேடுவது கம்பைலர். ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது லிங்கர். அன்றைக்குக் காலையில் வாசலில் நின்று தேடுவது லோடர், அதாவது புரோகிராம் ஓடத் தொடங்கும் நேரத்தில் லைப்ரரியைத் தேடி எடுத்து வருகிறவர். இந்த மூன்று பேரும் தேடும் இடங்களும் வேறு, நீங்கள் இடத்தைச் சொல்லிக்கொடுக்கும் விதமும் வேறு. கம்பைலருக்கு -ஐ, லிங்கருக்கு -பெரிய எல், லோடருக்கு ஆர்பாத் (புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைக்கும் வழி). நீங்கள் பத்திரிகையை லேப்டாப்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தீர்கள், கம்பைலர் திருப்தியாகிப் போய்விட்டார், உடனே அடுத்த ஆள் வந்து நின்றார். எரர் மாறியது என்றால் தோற்றீர்கள் என்று அர்த்தமில்லை, ஒரு படி ஏறியிருக்கிறீர்கள்.

லைப்ரரி சர்வரில் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன் என்கிறீர்களே, அது உண்மைதான், லிங்கர் சொல்வதும் உண்மைதான். நீங்கள் பார்த்தது /யூஎஸ்ஆர்/லிப்64-க்குள் லிப்பிஇசட்2.எஸ்ஓ.1 என்ற பெயர். லிங்கர் தேடுவது வாலில் எண் இல்லாத லிப்பிஇசட்2.எஸ்ஓ. எண் உள்ளது புரோகிராம்கள் ஓடுவதற்கு, சிஸ்டத்தோடு எப்போதும் வரும். எண் இல்லாதது வெறும் சிம்லிங்க் (வேறொரு ஃபைலைக் காட்டும் பெயர்), புதிதாக லிங்க் செய்கிறவர்களுக்கு மட்டும் தேவை, அதனால் டெவல் பேக்கேஜில் ஹெட்டரோடு சேர்த்து வைத்திருப்பார்கள். டெவல் பேக்கேஜ் என்று பெரிய பெயராக இருக்கிறதே தவிர, உங்கள் கேஸில் அதற்குள் உங்களுக்கு வேண்டியது ஒரு ஹெட்டரும் ஒரு சிம்லிங்கும்தான்! சிம்லிங்க் போட ரூட் எதற்கு? உங்கள் ஹோமில் லோக்கல் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் லிப், இன்க்ளூட் என்று இரண்டு. லிப்புக்குள் நின்றுகொண்டு, எல்என் -எஸ் போட்டு, சிஸ்டத்தின் லிப்பிஇசட்2.எஸ்ஓ.1-ஐக் காட்டி, லிப்பிஇசட்2.எஸ்ஓ என்று பெயர் வையுங்கள். இன்க்ளூடுக்குள் பிஇசட்லிப்.ஹெச். முடிந்தது. ஹெட்டரை லேப்டாப்பிலிருந்து எடுத்தது பொதுவாக மோசமான பழக்கம், வெர்ஷன் மாறினால் கம்பைல் நன்றாக ஆகிவிட்டு ஓடும்போது எங்கேயோ உடையும், ஆனால் பிஜிப்2-வில் தப்பித்துவிடுவீர்கள், சர்வரில் இருப்பது 1.0.6, லேப்டாப்பில் 1.0.8, இரண்டுக்கும் நடுவில் இந்த இன்டர்ஃபேஸ் மாறவில்லை. மற்ற லைப்ரரிகளில் இந்தத் துணிச்சல் வேண்டாம்.

இப்படிச் சிம்லிங்க் போட்டு ஒப்பேற்றுவது பிடிக்கவில்லை, ஒழுங்காக முழுசாகக் கம்பைல் செய்கிறேன் என்றால் அதுவும் சரி, நீங்கள் முக்கால்வாசி தூரம் போய்விட்டீர்கள். அந்த எஃப்பிஐசி எரர் எதனால் என்றால், பிஜிப்2-வின் மேக்ஃபைல் தானாகச் செய்வது லிப்பிஇசட்2.ஏ என்ற ஸ்டாட்டிக் லைப்ரரியை மட்டும், அதுவும் எஃப்பிஐசி இல்லாமல். ஹெச்டிஎஸ்லிப் தன்னை ஒரு எஸ்ஓ-வாகவும் செய்துகொள்ளும், அதற்குள் உங்கள் .ஏ-வைத் திணிக்கப் பார்க்கும். எஸ்ஓ என்பது மெமரியில் எந்த முகவரியில் வேண்டுமானாலும் போய் உட்கார வேண்டியது, அதற்குள் இருக்கும் கோடும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும், எஃப்பிஐசி இல்லாமல் செய்த கோடு அப்படி இல்லை, எனவே லிங்கர் ஆர்_எக்ஸ்86_64_32 ரீலொகேஷன் என்று மந்திரம் மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு மறுக்கிறது. மருந்தும் அந்த வரியிலேயே இருக்கிறது, எஃப்பிஐசி போட்டுத் திரும்பக் கம்பைல் செய்.

நீங்கள் அதைச் செய்தாலும் அதே எரர் திரும்ப வரலாம், அங்கேதான் இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, பழைய .ஓ ஃபைல்கள் அப்படியே கிடக்கும். ஃபிளாகை மாற்றினீர்கள் என்பது மேக்குக்குத் தெரியாது, அது பார்ப்பது ஃபைல்களின் நேரத்தை மட்டும். எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மேக் க்ளீன் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது, மேக் வரியில் சிஃபிளாக்ஸ்=-எஃப்பிஐசி என்று மட்டும் கொடுத்தால் மேக்ஃபைலுக்குள் இருக்கும் சிஃபிளாக்ஸ் மொத்தமும் அடிபட்டுப் போகும், அதில் -டி_ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்=64 என்று ஒன்றும் -ஓ2 என்று ஒன்றும் உண்டு. ஆகவே மூன்றையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இந்தப் பேக்கேஜுக்குக் கான்ஃபிகர் கிடையாது, தேடாதீர்கள்; இன்ஸ்டால் செய்யும்போது மேக் இன்ஸ்டால் பிரீஃபிக்ஸ்=$ஹோம்/லோக்கல், பிரீஃபிக்ஸ் முழுவதும் பெரிய எழுத்தில்.

பிறகு ஹெச்டிஎஸ்லிப். வழிகாட்டிக் குறிப்பில் நேராக மேக் கொடு என்று இருந்ததா? கான்ஃபிகரை ஓட்டிவிட்டுச் செய்யுங்கள், எது இல்லை, அது இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்று முழு வாக்கியமாகச் சொல்லும் நல்ல கான்ஃபிகர் அது. --பிரீஃபிக்ஸ்=$ஹோம்/லோக்கல், சிபிபிஃபிளாக்ஸ்=-ஐ$ஹோம்/லோக்கல்/இன்க்ளூட், எல்டிஃபிளாக்ஸில் -எல்$ஹோம்/லோக்கல்/லிப் (இது பெரிய எல்) அப்புறம் -டபிள்யூஎல்,-ஆர்பாத்,$ஹோம்/லோக்கல்/லிப். அந்த மூன்று பேருக்கும் வழி சொல்வது இந்த ஒரே வரியில் முடிகிறது. பிரீஃபிக்ஸ் கொடுக்க மறந்தால் /யூஎஸ்ஆர்/லோக்கல் என்று எடுத்துக்கொள்ளும், கம்பைல் எல்லாம் ஜோராக நடந்து கடைசி மேக் இன்ஸ்டாலில் பர்மிஷன் டினைட் என்று நிற்கும். அப்போது சூடோ போடச் சொல்லித்தான் எல்லாக் குறிப்பிலும் எழுதியிருப்பார்கள், நீங்கள் பிரீஃபிக்ஸ் கொடுத்துக் கான்ஃபிகரை மறுபடி ஓட்டினால் போதும்.

எக்ஸ்இசட் லைப்ரரியும் இல்லை என்று அடுத்துக் கேட்கும். அது நல்ல பிள்ளை, கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால், மூன்று கமாண்டில் முடிந்துவிடும். எடுக்கும்போது 5.6.0, 5.6.1 இரண்டை மட்டும் தொடாதீர்கள், 2024 மார்ச் கடைசியில் பின்வாசல் வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்ட வெர்ஷன்கள் அவை. அவசரம் என்றால் ஹெச்டிஎஸ்லிப்புக்கு --டிஸேபிள்-பிஇசட்2, --டிஸேபிள்-எல்இசட்எம்ஏ என்று கொடுத்து இரண்டு தலைவலியையும் ஒரேயடியாகத் தூக்கிவிடலாம், வேறு இடத்தில் தயாரான சில சிராம் ஃபைல்களை (டிஎன்ஏ டேட்டாவைச் சுருக்கி வைக்கும் ஒரு வடிவம்) படிக்க முடியாமல் போகும், அவ்வளவுதான். உங்கள் டேட்டா எல்லாம் பாம் (அதே மாதிரி இன்னொரு வடிவம்) ஃபைல் என்றால் கவலையே வேண்டாம். சாம்டூல்ஸ் கர்சஸ் இல்லை என்று அழுதால் --விதவுட்-கர்சஸ். டிவியூ (டேட்டாவை டெர்மினலிலேயே பார்க்கும் வசதி) வராது. டிவியூவை யார் பார்க்கிறார்கள்.

ஜிலிப்சிக்கு வருவோம், இது மட்டும் கொஞ்சம் சீரியஸ். சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது ஜிலிப்சி 2.17, அது வெளிவந்தது 2012 டிசம்பரில். உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35. லேப்டாப்பில் செய்த புரோகிராம் தனக்கு வேண்டிய ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எந்த வெர்ஷனிலிருந்து வேண்டும் என்று குறித்து வைத்துக்கொள்ளும். மெயினைக் கூப்பிட்டுத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனே 2.34-இல் புது அடையாளம் வாங்கியது, அதனால் நீங்கள் வெறும் வணக்கம் சொல்லும் புரோகிராம் எழுதினாலும் 2.34 கேட்கும். பழைய சிஸ்டத்தில் செய்ததைப் புதியதில் ஓட்டலாம், புதியதில் செய்ததைப் பழையதில் ஓட்ட முடியாது. அதாவது தூக்கிக்கொண்டு போவது என்றால் சர்வரிலிருந்து லேப்டாப்புக்குத்தான் போக வேண்டும், நீங்கள் தலைகீழாகப் போயிருக்கிறீர்கள்.

அப்படியானால் புது ஜிலிப்சியை ஹோமிலேயே கம்பைல் செய்துகொள்கிறேன் என்று அடுத்த யோசனை வரும், எனக்கும் வந்தது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு கிளஸ்டரில் புது ஜிலிப்சியை ஹோமில் போட்டு, எல்டி_லைப்ரரி_பாத்தில் (லோடர் தேடும் இடங்களின் பட்டியல்) அதைச் சேர்த்து, அந்த வரியை பாஷ்ஆர்சி-யிலும் எழுதி வைத்துவிட்டுப் பெருமையாக எல்எஸ் தட்டினேன். செக்மென்டேஷன் ஃபால்ட். கேட், செக்மென்டேஷன் ஃபால்ட். எடிட்டரும் அதேதான், திறந்தால்தானே பாஷ்ஆர்சி-யைத் திருத்த முடியும். லாகவுட் ஆகித் திரும்ப வந்தாலும் அதே வரி மறுபடி ஓடும், கதவை உள்ளே பூட்டிக்கொண்டு சாவியை ஜன்னல் வழியாக வெளியே எறிந்த கதை. சிஸ்டத்தின் லோடர் பழையது, அது எடுத்து வந்த ஜிலிப்சி புதியது, அவர்கள் இரண்டு பேரும் ஒரே பில்டில் பிறந்த ஜோடியாக இருக்க வேண்டியவர்கள், மாற்றிக் கட்டினால் எந்த புரோகிராமும் எழுந்திருக்காது. அரைமணி நேரம் வியர்த்த பிறகு புத்திக்கு எட்டியது, ஷெல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அன்செட் என்பது ஷெல்லுக்கு உள்ளேயே இருக்கும் கமாண்ட், தனி புரோகிராம் கிடையாது. அன்செட் எல்டி_லைப்ரரி_பாத், அவ்வளவுதான், எல்எஸ் உயிர் பெற்றது. நீங்களும் எப்போதாவது இந்தக் குழியில் விழுந்தால் அந்த ஒரு வரி போதும், ஆனால் விழாதீர்கள். அதற்காகத்தான் மேலே ஆர்பாத் போடச் சொன்னேன்: ஆர்பாத் அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் வழி சொல்லும், எல்டி_லைப்ரரி_பாத் நீங்கள் ஓட்டும் அத்தனை புரோகிராமையும் வழிமறிக்கும். செய்து முடித்த பிறகு எல்டிடி போட்டு புரோகிராமைப் பாருங்கள், எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று வரிசையாகக் காட்டும், நாட் ஃபவுண்ட் என்று ஒன்றும் இல்லையென்றால் லோடர் சம்மதித்துவிட்டார்.

சி++17. சர்வரில் ஜிசிசி --வெர்ஷன் கொடுத்தால் 4.8.5 என்று வரும் என்று அடித்துச் சொல்கிறேன், சென்ட்ஓஎஸ் 7-இல் தானாக வருவது அதுதான். 4.8 தொடங்கியது 2013-இல், சி++17 என்ற பெயரே அதற்குத் தெரியாது, சி++14 என்றால்கூட முழிக்கும். சி++17 மொழி அம்சங்களை நிம்மதியாகப் பயன்படுத்த ஜிசிசி 8 அல்லது அதற்கு மேல் வேண்டும். கைடின் பழைய மாணவர் இதே சர்வரில்தான் எழுதினார் என்றால் புதிய கம்பைலர் எங்கேயோ இருந்திருக்க வேண்டும், முதலில் அதைத் தேடுங்கள். மாட்யூல் அவெய்ல் என்று தட்டுங்கள். அப்படி ஒரு கமாண்டே இல்லை என்றால் /ஆப்ட்/ஆர்ஹெச் என்ற ஃபோல்டரை எட்டிப் பாருங்கள், டெவ்டூல்செட்-11 என்பது மாதிரி ஏதாவது இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அதற்குள் இருக்கும் எனேபிள் ஃபைலை சோர்ஸ் செய்தால் அந்த டெர்மினலில் மட்டும் ஜிசிசி 11 வந்துவிடும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பல சர்வரில் இதை என்றைக்கோ யாரோ போட்டுவிட்டு மறந்திருப்பார்கள்.

இல்லையென்றால் மைக்ரோமாம்பா, அதாவது ரூட் இல்லாமலே கோண்டா பேக்கேஜ்களை ஹோமில் போட்டுக் கொடுக்கும் கருவி. ஒரே ஒரு ஃபைல், ஹோமில் வைத்து எக்ஸிக்யூட் பர்மிஷன் கொடுத்தால் ஓடும். கோண்டா-ஃபோர்ஜ், பயோகோண்டா இரண்டு சேனலையும் கொடுத்து, ஒரு புது என்விரான்மென்டில் ஜிஎக்ஸ்எக்ஸ், மேக், ஹெச்டிஎஸ்லிப், சாம்டூல்ஸ் நான்கையும் கேளுங்கள், கூடவே சிஸ்ரூட்_லினக்ஸ்-64=2.17 என்பதையும் சேருங்கள், அப்போதுதான் அந்தக் கம்பைலர் செய்வது உங்கள் பழைய ஜிலிப்சியில் ஓடும். உண்மையைச் சொன்னால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் முதலில் செய்வேன், மேலே எழுதிய பிஜிப்2 புராணம் எல்லாம் தேவையே படாது. பிறகு ஏன் இவ்வளவு எழுதினேன் என்றால், கைடின் புரோகிராம் நாளைக்குக் கோண்டாவில் இல்லாத வேறு ஏதாவது ஒரு லைப்ரரியைக் கேட்கும், அன்றைக்கு இந்த மூன்று வாரத்தைத் திரும்ப அனுபவிக்க வேண்டாம் என்றுதான். கோண்டா ஹோமில் சில ஜிபியை விழுங்கும், கோட்டாவை (உங்களுக்கு ஒதுக்கிய டிஸ்க் அளவை) முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டா நிரம்பினால் வரும் எரர் சில சமயம் பாதியில் அறுந்த ஃபைலாக, சம்பந்தமே இல்லாத சின்டாக்ஸ் எரராக வேஷம் போட்டு வரும். சிங்குலாரிட்டி, அப்டெய்னர் என்று கன்டெய்னர் வழியைச் சொல்வார்கள், அட்மினே போட்டுக் கொடுத்திருந்தால் நல்லது, நீங்களாகப் போட்டுக்கொள்வது இந்த சர்வரில் நடக்காது, யூசர் நேம்ஸ்பேஸ் என்ற வசதி 7-இல் பொதுவாக மூடியே இருக்கும்.

ஜிசிசியையே நானே கம்பைல் செய்கிறேன் என்ற வீரமும் சிலருக்கு வரும். முடியும். சோர்ஸுக்குள் கான்ட்ரிப் ஃபோல்டரில் டவுன்லோட்_ப்ரீரெக்விசைட்ஸ் என்ற ஸ்கிரிப்டை ஓட்டி, சோர்ஸுக்கு வெளியே தனி ஃபோல்டரில் நின்று, --டிஸேபிள்-மல்டிலிப் போட்டு (இல்லாவிட்டால் 32-பிட் ஹெட்டர் கேட்டு நிற்கும்), ராத்திரி ஓட்டிவிட்டுப் போங்கள். 4.8.5-ஐ வைத்து ஜிசிசி 14 வரைதான் செய்யலாம், 15-க்குச் சி++14 தெரிந்த கம்பைலர் வேண்டும். வேறு வழியே இல்லாதபோது செய்யும் வேலை இது.

கம்பைலரை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை, இதில் அனுபவசாலிகளே சறுக்குகிறார்கள். அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்று வந்து, பெயருக்குள் எங்கேயாவது __சிஎக்ஸ்எக்ஸ்11 என்று தெரிந்தால், லைப்ரரி இல்லை என்று அர்த்தமில்லை, லைப்ரரி வேறு கம்பைலரில் பிறந்தது என்று அர்த்தம். ஜிசிசி 5-இல் ஸ்ட்ரிங், லிஸ்ட் இரண்டின் உள் அமைப்பை மாற்றினார்கள், பழைய வடிவத்தையும் வைத்துக்கொண்டார்கள். சென்ட்ஓஎஸ் 7-இன் டெவ்டூல்செட் எத்தனை புதிதானாலும் பழைய வடிவத்தில்தான் செய்யும், கோண்டாவின் ஜிசிசி புதிய வடிவத்தில் செய்யும். ஹெச்டிஎஸ்லிப் வெறும் சி என்பதால் அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் உங்கள் லேபில் யாரோ எப்போதோ செய்து வைத்த சி++ லைப்ரரி ஏதாவது இருந்தால் அதையும் அதே கம்பைலரில் திரும்பச் செய்துவிடுங்கள். __சிஎக்ஸ்எக்ஸ்11 இல்லாத சாதாரண அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்றால் லிங்க் வரியின் வரிசையைப் பாருங்கள், -எல்ஹெச்டிஎஸ் என்பது உங்கள் .ஓ ஃபைல்களுக்குப் பின்னால் வர வேண்டும், முன்னால் போட்டால் யாருக்கும் தேவையில்லை என்று லிங்கர் அதைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் மேக்ஃபைலில் -மார்ச்=நேட்டிவ் இருந்தால் எடுத்துவிடுங்கள். இந்த மெஷினில் ஓடும், பக்கத்தில் இருக்கும் பழைய மெஷினில் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று ஒற்றை வரியோடு சாகும்.

அட்மின் விஷயம். கோபப்படாதீர்கள், பல துறைகளில் அட்மின் என்று பெயர் வாங்கியவர் புரொஜெக்டர், பிரிண்டர், அட்டெண்டன்ஸ் மெஷின் எல்லாவற்றையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். சாம்டூல்ஸ் கம்பைல் ஆகவில்லை, உதவுங்கள் என்று எழுதினால் அவருக்கு அது அரை நாள் வேலையாகத் தெரியும், ஒத்திப்போடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: பிஜிப்2-டெவல், எக்ஸ்இசட்-டெவல், என்கர்சஸ்-டெவல் மூன்று பேக்கேஜ் மட்டும் வேண்டும், இதோ அதற்கான ஒற்றை வரி கமாண்ட். செய்யக்கூடும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது, பேக்கேஜ்களை வால்ட் என்ற பழைய சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள், யம்மின் ரெப்போ ஃபைலில் முகவரியை மாற்றாவிட்டால் ரூட்டே போட்டாலும் யம் கையை விரிக்கும். செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன சர்வரில் துறையின் டேட்டா முழுவதும் கிடக்கிறது என்பதை மெயிலின் கடைசியில் மரியாதையாக ஒரு வரி சேர்த்து, கைடுக்கும் காப்பி போடுங்கள்.

முதலில் /ஆப்ட்/ஆர்ஹெச்-ஐப் பாருங்கள், அங்கே ஒன்றும் இல்லையென்றால் மைக்ரோமாம்பா. அதற்குப் பிறகும் நின்றால் எழுதுங்கள், மேக் சொன்னது முழுவதும் விழுந்த அந்த ஃபைல், கான்ஃபிக்.லாக், ஜிசிசி --வெர்ஷன், எல்டிடி --வெர்ஷன் நான்கும் வேண்டும். ஃபோட்டோ வேண்டாம்.